கருவேல முள்ளில் சிக்கிய குட்டி

ஒரு குட்டி, அதற்கு இரண்டு தாய். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்கப்போகும் இடத்தில் கதையை நிறுத்திவிடுவேன். மிச்சத்தைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். ஆகவே காதோடு கண்ணையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழையில் ஓடை உடைந்து, ஆட்டுத் தொழுவங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. மாடக்கண்ணுவின் தொழுவத்திலிருந்து ஒரு பெட்டைக் குட்டியை வெள்ளம் கொண்டு போயிற்று. வெள்ளத்தாயின் தொழுவத்திலிருந்தும் ஒரு பெட்டைக் குட்டி போயிற்று. இரண்டும் அன்று கொட்டும் மழையில் பிறந்தவை. தன் குட்டியை நன்றாகப் பார்க்கக்கூட மாடக்கண்ணுவுக்கு நேரம் கிடைக்கவில்லை. கறுப்பு, முகத்தில் வெள்ளைக் கோடு என்பது மட்டும் தெரியும். அந்த ஊரில் எல்லா ஆடும் அப்படித்தான் இருக்கும்.

மறுநாள் காலை கண்மாய்க் காவல்காரர் சங்கிலியாண்டி, கரையோரக் கருவேல முள்ளில் ஒரு குட்டி உயிரோடு சிக்கிக் கிடப்பதைக் கண்டார். மெல்ல விடுவித்தார். உடம்பெல்லாம் முள் கீறல். இடது காதின் நுனி இரண்டாகப் பிளந்து ஈரமாக இருந்தது. ஈ மொய்க்குமே என்று தலை முதல் வால் வரை வேப்பெண்ணெயைத் தடவினார். நல்ல மனதோடு செய்த அந்தக் காரியம்தான் எல்லா வம்புக்கும் காரணமாயிற்று.

தாய் ஆடு குட்டியை மோந்துதான் அறியும். செய்தி கேட்டு இருவரும் தங்கள் தாய் ஆடுகளை ஓட்டி வந்தார்கள், ஊரும் கூடியது. மாடக்கண்ணுவின் ஆடு மோந்து பார்த்து முட்டித் தள்ளியது. வெள்ளத்தாயின் ஆடும் அப்படியே செய்தது.

"மோப்பத்தக் கெடுத்துப்புட்டீரே வே! இப்ப பிரம்மாவே வந்தாலும் குட்டிய மோந்து கண்டுபிடிக்க முடியாது" என்று மாடக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார்.

யாருடைய ஆட்டையாவது பிடித்து நிறுத்தி ஊட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். கூடாது. பால் கொடுத்த மடிக்கே குட்டி சொந்தம் என்பது அங்கே வழக்கம். ஆகவே சங்கிலியாண்டி தீர்ப்புச் சொல்லும் முன் மடியில் விட இருவருமே மற்றவரை அனுமதிக்கவில்லை. துணியைப் பசும்பாலில் நனைத்து வாயருகே வைத்தார்கள். குட்டி வாயைத் திறக்கவில்லை. அதன் தலை தொங்கத் தொடங்கியது.

இன்னொரு ஊர்க்கட்டுப்பாடும் உண்டு. அடுத்தவர் உருப்படியைத் தன்னுடையது என்று பொய் சொன்னவரின் ஆடுகள் வரும் கோடை முழுவதும் கண்மாய்க்குள் மேயக் கூடாது. மாடக்கண்ணுவுக்குச் சொந்தப் புஞ்சை இருந்தது. வெள்ளத்தாய்க்கு ஒரு சாண் நிலம் கிடையாது. கண்மாய்ப் புல் இல்லையென்றால் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட வேண்டியதுதான்.

"சட்டுனு சொல்லுங்க. குட்டி தாங்காது" என்றார் சங்கிலியாண்டி.

மாடக்கண்ணு தன் ஆட்டின் இடது காதைத் தூக்கிக் காட்டினார். நுனியில் பழைய பிளவு. "எங்க அய்யா காலத்துல இருந்து எங்க ஆட்டுக்கெல்லாம் இந்த வெட்டுதான் அடையாளம். குட்டி காதையும் பாரும். தாயப் போல பிள்ள, நூலப் போல சேலன்னு சும்மாவா சொன்னாக?"

"குட்டி காத நீரு வெட்டினீரா?" என்று கேட்டார் சங்கிலியாண்டி.

"பொறந்த அன்னைக்கே யாராச்சும் வெட்டுவாகளா வே? தாய்க்கு வெட்டி வெட்டி, இப்ப தானாவே வந்துருக்கு."

வெள்ளத்தாய் குட்டியின் கழுத்தைத் தொட்டாள். தொண்டைக்குக் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, சுண்டுவிரல் நுனி அளவில் இரண்டு சதைத் தொங்கல்கள். ஆடுகள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே இருக்கும், மணி என்பார்கள்.

"எங் குட்டிக்கு மணி இருந்துச்சு அண்ணாச்சி" என்றாள் சங்கிலியாண்டியிடம்.

மாடக்கண்ணு சிரித்தார். "பாத்துட்டுச் சொல்றதுன்னா நானும் சொல்வேன் மதினி. உங்க ஆட்டுக் கழுத்துல மணி எங்க? மொழுக்குன்னு இருக்கு. எரவல் வாங்கியா குட்டிக்கு மாட்டினீக?"

கூட்டமும் சிரித்தது. வெள்ளத்தாயின் முகம் சிவந்தது.

"இருந்துச்சு கொழுந்தனாரே. கயிறு ஒரசி ஒரசிப் புண்ணாகிப் புழு வச்சிருச்சு. நூலக் கட்டி நாந்தான் அறுத்தேன்."

சங்கிலியாண்டி அந்த ஆட்டின் கழுத்து மயிரை விலக்கினார். பக்கத்துக்கு ஒன்றாக, துவரம்பருப்பு அளவில் இரண்டு மயிரில்லாத தழும்புகள். பிறகு மாடக்கண்ணுவின் ஆட்டையும் தடவிப் பார்த்தார். தழும்பு ஏதும் இல்லை.

"என் ஆடு பொறந்ததுல இருந்தே வழுவழுன்னுதான் இருக்கு" என்றார் மாடக்கண்ணு பெருமையாக.

ஊருக்கு இருந்த ஒரே கிடா கோயில் கிடாதான். இரண்டு ஆடும் அதற்குத்தான் சினைப்பட்டவை. குட்டியாக நேர்ந்துவிட்ட நாள் முதல் அதன் கழுத்திலும் மணி கிடையாது, ஊரே பார்த்தது.

குட்டி முன்னங்காலை மடித்துச் சரிந்தது. சங்கிலியாண்டி அதைக் கையில் தூக்கினார்.

அவர் அதை யாரிடம் கொடுத்திருக்க வேண்டும்? எதை வைத்து?

விடை: வெள்ளத்தாயிடம். காது வெட்டு, கத்தி போட்டது. எத்தனை தலைமுறைக்கு வெட்டினாலும் குட்டி முழுக் காதோடுதான் பிறக்கும்; இந்தக் குட்டியின் ஈரப் பிளவு முள் கிழித்தது. மணியோ பிறப்போடு வருவது. கிடாவுக்கு அது இல்லை, மாடக்கண்ணுவின் ஆட்டுக்கும் என்றுமே இல்லை. வெள்ளத்தாயின் ஆட்டுக்கு இருந்தது. அறுத்தது சதையைத்தான், குட்டிக்குக் கொடுக்கும் குணத்தை எந்த நூலும் அறுக்காது.

வெள்ளத்தாய் தன் ஆட்டைக் கொம்பில் பிடித்து நிறுத்திக் குட்டியை மடியில் விட்டாள். ஆடு உதைத்தது. கூட்டத்தில் ஒருவர், "அப்ப மாடக்கண்ணு ஆட்டுக்குக் கண்மாய் கிடையாதுல்ல?" என்று கேட்டார்.

"பொய் சொன்னவுகளுக்குத்தான அந்தக் கட்டு? இவரு பொய்யா சொன்னாரு? தெரியாமச் சொன்னாரு" என்றாள் அவள், கொம்பை விடாமல்.

மாடக்கண்ணு வந்து குனிந்து, உதைக்கும் அந்தப் பின்னங்காலைப் பிடித்துக்கொண்டார். குட்டி குடிக்கத் தொடங்கியது.