தட்டான் தாழ இறங்கிய நாள்

தட்டானும் தவளையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கடலுக்குப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் மழை சொல்லும் வேலை ஒரு செந்தட்டானிடம் இருந்தது. பனை உச்சிக்கும் மேலே பறந்து கடலைப் பார்ப்பான். மேகம் தெரிந்தால் சேதி சொல்வான். அவன் வாக்கை நம்பி ஊரார் காய்ந்த புழுதியிலேயே நெல் விதைத்துவிடுவார்கள், பின்னால் வரும் மழை முளைக்க வைக்கும் என்று. அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஓர் ஐப்பசியில் கடல்மேல் பெரும்புயல் திரண்டது.

"நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஊரே மெதக்கும், வெதைங்க!" என்று கூவினான்.

விதைத்தார்கள். கூரைகளைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார்கள். பிள்ளைகள் நனைவதற்காகத் தெருவிலேயே நின்றார்கள். கரைக்கு வந்த புயலோ, என்ன நினைத்ததோ, வடக்கே திரும்பிப் போய்விட்டது. ஒரு தூறல்கூட இல்லை. விதையைக் குருவியும் எறும்பும் தின்று தீர்த்தன.

தட்டானை வெட்கம் பிடுங்கித் தின்றது. ராக்கு வீட்டு வேலியில் போய் உட்கார்ந்தான். ராக்கு ஒண்டிக்காரி. ஓலைப்பெட்டியில் கிடந்ததுதான் அவளுக்கு மிஞ்சிய விதைநெல். அதுவும் வீணானால் நிலம் தரிசுதான், அவள் ஊரைவிட்டே போகவேண்டியதுதான்.

"என்னை நல்லாத் திட்டிருங்க அக்கா."

"திட்டுனா மழை வந்துருமாக்கும்? மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாதும்பாக. நீ எம்மாத்திரம்? ஆனா ஒண்ணு. மேகம் பாக்க அம்புட்டு ஒசரம் போனியே, நான் வெதைக்கிற காட்டுக்கு ஒருநாளாவது எறங்கி வந்தியா?"

இல்லை. ஒருநாளும் வந்ததில்லை.

மறுநாள் முதல் தினமும் இறங்கி வந்தான். வறண்ட காற்று முகத்தில் புழுதியைத்தான் வாரி அடித்தது. பத்து நாள் போனது. மறுபடியும் கடல்மேல் மேகம் கறுத்தது. கூவத் துடித்த வாயை அடக்கிக்கொண்டு வரப்புக்கு இறங்கினான். அன்று காற்று பிசுபிசுத்தது. இறக்கை நனைந்து கனத்தது. எழும்ப முடியாத கொசுக்கள் முழங்கால் உயரத்தில் மொய்த்தன. அவற்றைத் தின்ன அவன் சுற்றத்தார் எல்லாரும் இறங்கி வந்தார்கள்.

ராக்கு பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "வருமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன் அக்கா. எறக்கை நனையுது. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான்."

அவள் வரப்பைவிட்டுக் காட்டுக்குள் இறங்கினாள். பிறகு பெட்டிக்குள் கையை விட்டாள். கடைசிப் பிடி விழும்வரை தட்டான் அவள் காலடியைவிட்டு நகரவில்லை. பயம்தான். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டும்போது அவள் பிடரியில் முதல் சொட்டு விழுந்தது.

"அடேய், வந்துருச்சுடா!" என்று கத்திக்கொண்டு, வெறும் பெட்டியைத் தலைக்குமேல் வீசிப் பிடித்தாள் ராக்கு.

ஊரார் ஓடிவந்து, "இனிமே எப்ப வரும், சொல்லு!" என்று கேட்டார்கள். தட்டான் தாழப் பறந்து காட்டினான். வாயால் சொல்வதை அன்றோடு விட்டான். அன்று முதல்தான் மழைக்கு முன்னால் தட்டான்கள் கூட்டமாகத் தாழப் பறக்கின்றன, அதைப் பார்த்து, உழுது பிழைக்கும் சம்சாரிகளும் விதைப்பெட்டியைத் தேடுகிறார்கள்.