சந்தனம் கேட்ட பாலம்

"ஏல சொரிமுத்து, புதுச் சாமானுக்குச் சந்தனம் வைக்காமலா வண்டியில ஏத்துவ? தீர்த்தமும் தெளிலே!" என்று கல்லூரித் தாளாளர் தாணுமூர்த்தி கத்தினார். வெளியே அடைமழை.

சாமான் என்றால், பஞ்சுபோல் லேசான பால்சா மரக்குச்சியில் பிள்ளைகள் மூன்று மாசமாக ஒட்டிய பாலம். எடை இருபத்தைந்து கிராமைத் தாண்டினால் மதுரையில் நடக்கும் பாலம் கட்டும் போட்டியிலேயே சேர்க்கமாட்டார்கள். அந்த மரமோ ஈரக்காற்றையே குடித்துக் கனத்துவிடும். இதைத் தாளாளரிடம் சொன்னால் சொன்னவனுக்கு வேலை போகும்.

ஆய்வுக்கூட உதவியாளன் சொரிமுத்து, "ஆகட்டும் ஐயா" என்று சந்தனப் பொட்டலத்தையும் தீர்த்தச் செம்பையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனான். பிஸ்கட் டின்னில் பஞ்சு பரப்பி, புதுச் செருப்புப் பெட்டிக்குள் கிடக்குமே, ஈரம் உறிஞ்சும் குட்டிப் பைகள், அதில் பத்தைப் போட்டு, பாலத்தைப் படுக்கவைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினான்.

"இது ஐயா மடியிலதான் வரணும். வேற யாரையும் நம்பமுடியாது."

தாளாளர் பூரித்துப்போனார். அவர் மடியைவிட மெத்தையான இடம் அந்த வண்டியில் கிடையாது.

மதுரையில் தராசு இருபத்துநாலரை காட்டியது. "எல்லாம் நான் பூசச் சொன்ன சந்தனம்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார் தாளாளர்.

நடுவரம்மா நிமிர்ந்து பார்த்தார். "பாலத்துல எதைப் பூசினாலும் தகுதி நீக்கம் சார். பூசச் சொன்னீங்களா?"

தாளாளர் சட்டென்று சொரிமுத்து பக்கம் திரும்பினார். "நானா? ஏல, நான் சொன்னேனா?"

"ஐயா சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தா நான் பூசாம இருப்பேனா?"

நடுவரம்மா பாலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டுகூட இல்லை. சந்தனப் பொட்டலம் சொரிமுத்துவின் சட்டைப் பையில் பிரிக்காமலே இருந்தது.