படுத்தபடி பார்த்த திரை

தணிகாசலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆலை மூடிய பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டு, கோவையில் ஒரு சின்னக் கம்பெனியில் ஒட்டிக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்த நிலோஃபருக்கு முப்பதுகூட ஆகவில்லை. அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அதில் அவருக்கு வெட்கம் கிடையாது, மற்றவர்களுக்குத்தான் சிரிப்பு.

மருத்துவமனையில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கான செயலி ஒன்றை இருவரும் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு திரையில் நர்ஸை அழைக்கும் பட்டன். இன்னொன்றில் மருந்து அட்டவணை. முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்: எல்லாத் திரைக்கும் ஒரே விதி, மதியத்துக்குள் முடியாவிட்டால் தணிகாசலம் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

"டீச்சர், போனைச் சாய்ச்சா திரை திரும்பணுமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. என் பொழப்பு அதுலதான் இருக்கு."

நிலோஃபர் நான்கு நாற்காலிகளை வரிசையாக இழுத்துப் போட்டு ஒருக்களித்துப் படுத்தாள்.

"போனைக் குடுங்க. எனக்கு மூச்சு முட்டுது, நர்ஸைக் கூப்பிடணும்."

முகத்துக்கு நேரே பிடித்ததும் திரை தானாகத் திரும்பிக்கொண்டது. எழுத்தெல்லாம் அவள் கண்ணுக்குக் குறுக்கே ஓடியது. பட்டன் கீழே போய் மறைந்தது. அவள் கழுத்தை ஒடித்துத் தேடினாள்.

"அப்ப எல்லாத்தையும் நெட்டுவாக்குல பூட்டிடறேன்" என்றார். பூட்டியும் கொடுத்தார்.

"இப்ப ராத்திரிக்கு எனக்கு எத்தனை மாத்திரைன்னு பாக்கணும்" என்று நிலோஃபர் அட்டவணையைத் திறந்தாள்.

அட்டவணையில் காலை இருந்தது, மதியம் இருந்தது. ராத்திரிக் கட்டம் திரையின் ஓரத்துக்கு வெளியே போயிருந்தது. அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திரை அசையவில்லை.

தணிகாசலத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"விட்டாலும் குத்தம், பூட்டினாலும் குத்தமா?"

அப்போது முதலாளி உள்ளே வந்தார். அவர் வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பது அந்த ஆபீஸ் வழக்கம். தணிகாசலம் விருட்டென்று எழுந்தார். நிலோஃபர் எழவில்லை.

"என்ன, ஒரே விதிதானே?"

தணிகாசலம் நாற்காலிகளில் கிடந்தவளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"முடியாது சார். பட்டன் திரை நெட்டுவாக்குல நிக்கும். அட்டவணை குறுக்குவாக்குல நிக்கும். என்னை அனுப்பறதுன்னா அனுப்புங்க, அதை மாத்த மாட்டேன்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. நிலோஃபர் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லிக்குடுத்ததா இது? முதல்ல எழுந்திரும்மா! விதின்னு ஒண்ணு வேணாமா?"

"இருக்கு சார்" என்றாள் நிலோஃபர், படுத்தபடியே. "படுத்திருக்கறவங்களை எழுப்பக் கூடாது."