துபாஷி காத்த பாதி கேக்

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களுக்குப் பொழுது போகாவிட்டால் யாராவது ஒருவருடைய தலைக்கு ஆபத்து வந்துகொண்டிருந்த காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. வச்சிரபாகு மகாராஜா அதை ஆண்டார். அவருக்குப் பதினேழு பட்டப்பெயர்கள். கட்டியக்காரன் அத்தனையையும் சொல்லி முடிப்பதற்குள், முறையிட வந்தவர்களுக்கு வந்த காரியமே மறந்துபோகும். அது ராஜாவுக்கும் சௌகரியமாக இருந்தது.

உள்ளூர்ச் சரக்கு எதுவும் மகாராஜாவுக்குப் பிடிக்காது. கப்பலில் வந்தது என்று சொல்லிவிட்டால், துருப்பிடித்த ஆணியைக்கூடப் பட்டுத்துணியில் வைத்துக் கொண்டாடுவார்.

ஐப்பசி மாதம். அடைமழை. ஒரு வெள்ளைக்காரக் கப்பல்தலைவன் தகரப்பெட்டி ஒன்றையும் ஒரு கடிதத்தையும் அரண்மனையில் கொடுத்துவிட்டு, அன்றே பாய்விரித்துப் போய்விட்டான். பெட்டிக்குள் அம்மிக்கல் பருமனில் ஒரு பலகாரம். கேக் என்று பெயராம். உலர்ந்த திராட்சையும் பட்டையும் கிராம்பும் சேர்ந்த வாசனை சபை முழுவதும் பரவியது. எட்டாம் நாள் மகாராஜாவின் பிறந்தநாள். அன்றைக்கு வெட்டிச் சாப்பிட வேண்டும் என்பது கப்பல்தலைவனின் விருப்பம்.

கடிதத்தைப் படிக்கத் துபாஷி சேஷராயர் எழுந்தார். ஒன்பது பாஷை தெரியும் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர். இங்கிலீஷ் அதில் ஒன்பதாவது. அந்தப் பாஷைக்கு அவரே ஓர் அகராதி எழுதி, அதற்காக மகாராஜாவின் கையால் தங்கக் காப்பும் போட்டுக்கொண்டிருந்தார். அகராதியைப் புரட்டினார், தொண்டையைக் கனைத்தார்.

“மகாராஜா! ‘இந்தக் கேக்கை மாயிஸ்ட் ஆக வைத்திருக்கவும். டேம்ப் ஆக விடக் கூடாது’ என்று எழுதியிருக்கிறான்.”

“அப்படியென்றால்?”

“மாயிஸ்ட் என்றால் ஈரம். டேம்ப் என்றாலும் ஈரம். ஆகவே, ‘ஈரமாக வைத்திருக்கவும், ஈரமாக விடக் கூடாது.’”

மகாராஜாவின் மீசை துடித்தது. “என்ன திமிர்! என்னைப் பைத்தியக்காரன் என்று நினைத்தானா?”

அந்த நேரம் பார்த்து, அரண்மனை விதூஷகன் வெண்காடனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “கடிதம் எழுதியவன் நினைத்தானோ இல்லையோ, படித்தவர் நினைத்திருக்கலாம் மகாராஜா” என்று சொல்லிவிட்டான்.

நாலு பேர் சிரித்தார்கள். சேஷராயருக்கு அடிவயிறு எரிந்தது. வெண்காடன் வாயைத் திறந்தால் மகாராஜா சிரிப்பார். சேஷராயர் வாயைத் திறந்தால் மகாராஜா கொட்டாவி விடுவார். எத்தனை வருஷத்து வயிற்றெரிச்சல் அது!

“மகாராஜா,” என்றார் துபாஷி குழைவாக, “கடிதத்தில் பிழை இல்லை, மொழிபெயர்ப்பிலும் பிழை இல்லை. அது அறிவாளிகளுக்கு வைத்த பரீட்சை. நம் வெண்காடனைவிட அறிவாளி யார் இருக்கிறார்? பெட்டியை அவரிடமே கொடுப்போம். எட்டு நாள் கேக்கை ஈரமாகவும் ஈரமில்லாமலும் காத்துக் கொடுக்கட்டும்.”

“பேஷ்!” என்று தொடையைத் தட்டினார் மகாராஜா. “வெண்காடா, செய்துவிடு. தவறினால் உன் தலையை எடுத்துவிடுவோம்.” அந்தக் காலத்து ராஜாக்களுக்கு, பந்தயம் என்றால் தலையை விட்டால் வேறு எதுவும் தோன்றாது. அதிலும் அடுத்தவன் தலை.

வெண்காடன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் பயம்.

அவன் மனைவி குஞ்சம்மாள் புட்டுக்கு மாவு பிசிறிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“உங்க வாயை வீட்டுல பூட்டி வெச்சுட்டுப் போங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? உங்க தலை போச்சுன்னா நான் யாரோட சண்ட போடுவேன்?” என்றாள். கண் கலங்கிவிட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பெட்டியைத் திறந்து, கேக்கின் ஓரத்தில் ஒரு விள்ளல் எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கிப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது.

“இங்க வாங்க. இந்த மாவக் கைப்பிடி எடுத்துப் பிடிங்க.”

பிடித்தான். கொழுக்கட்டை போல நின்றது.

“இப்ப விரலால தட்டுங்க.” உதிர்ந்தது.

“இதுல ஈரம் இருக்கா?”

“இருக்கு.”

“கையில ஒட்டுதா?”

“இல்ல.”

“அந்த மூலைச் சுவரத் தொடுங்க.” தொட்டான். மழை இறங்கி ஊறிய சுவர். உள்ளங்கை சில்லென்றது; பூஞ்சை நாற்றம் விரலோடு வந்தது. “அதுலயும் ஈரம்தான். அதயும் இதயும் ஒரே தட்டுல வெச்சுத் திம்பீங்களா?”

“சீ!”

“ரெண்டும் ஒரே தண்ணிதாங்க. ஒண்ணு நாம வேணும்னு தெளிச்சது. இன்னொண்ணு நம்மளக் கேக்காம உள்ள பூந்தது. அந்த ஊர்க்காரங்க ரெண்டுக்கும் ரெண்டு பேரு வெச்சிருக்காங்க. நாமளும்தான் வெச்சிருக்கோம், இது பதம், அது ஓதம். அகராதி எழுதின மகராசன் அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

வெண்காடனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது. “இப்பவே போய்ச் சபையில சொல்லிடறேன்!”

“சொல்லுங்க. தங்கக் காப்பு வாங்கின அகராதி பெருசா, குஞ்சம்மா புட்டு பெருசான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?”

வெண்காடன் உட்கார்ந்துவிட்டான். அவள் சொன்னது நியாயம். சபையில் யாரும் புட்டை நம்ப மாட்டார்கள். அவர்கள் நம்பும்படி துபாஷியே சொன்னால்தான் உண்டு. துபாஷி செத்தாலும் சொல்ல மாட்டார்.

மறுநாள் காலையில் சபைக்குப் போனான்.

“மகாராஜா, ஒரு சின்ன விண்ணப்பம். துபாஷி பெரியவர். இரண்டு ஈரமும் ஒன்றேதான் என்று அவர் சொன்ன பிறகு எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் முழுக் கேக்கையும் என் குடிசையில் வைத்து, ஏதாவது ஆகிவிட்டால் பிறந்தநாளுக்கு என்ன செய்வது? பாதியை நான் காக்கிறேன். மறுபாதியைத் துபாஷி அரண்மனையிலேயே தங்கிக் காக்கட்டும். ஈரத்துக்குக் குறைவில்லாத இடமாகத் தெற்கு மூலை அறை இருக்கிறது.”

தெற்கு மூலை அறையைப் பற்றி அரண்மனையில் தெரியாதவர்கள் கிடையாது. மூன்று பக்கமும் அகழித் தண்ணீர், மேலே ஒழுகும் கூரை. அங்கே கட்டிவைத்த கைதிகள்கூடச் சிறைக்கே அனுப்பிவிடும்படி மனு போட்டிருக்கிறார்கள்.

சேஷராயர் விழித்தார். “அங்கே… அங்கே கொஞ்சம்…”

“கொஞ்சம் என்ன, ராயரே?” என்றான் வெண்காடன் பணிவாக. “ஈரத்தில் நல்ல ஈரம், கெட்ட ஈரம் என்று வேறு உண்டா?”

உண்டு என்றால் அகராதி போயிற்று. இல்லை என்றால் அறைக்குள் போக வேண்டும். சேஷராயர் தங்கக் காப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “இல்லை. ஈரம் எங்கே இருந்தாலும் ஈரம்தான்.”

“துபாஷி தோற்றால் என்ன தண்டனை?” என்று ஆவலாகக் கேட்டார் மகாராஜா.

“அவருக்குத் தண்டனையே வேண்டாம் மகாராஜா. அவர் காத்ததை அவரே சாப்பிட்டால் போதும்.”

எட்டு நாள் போயிற்று. வெண்காடன் வீட்டில் குஞ்சம்மாள் வாழையிலையை நெருப்பில் வாட்டி, கேக்கை அதில் பொதிந்து, மேலே உலர்ந்த துணி சுற்றி, நெற்குதிருக்குள் புதைத்து வைத்தாள். இரண்டு நாளுக்கொருமுறை இலையை மாற்றினாள். வெளியே மழை ஊற்றியது. உள்ளே நெல் அத்தனை ஓதத்தையும் தான் வாங்கிக்கொண்டு கேக்கை விட்டு வைத்தது.

தெற்கு மூலை அறையில் சேஷராயர் வாழ்ந்த வாழ்க்கையை என்னவென்று சொல்ல! முதல்நாள் மெத்தை சில்லென்றது. இரண்டாம் நாள் வேட்டி காயவில்லை. மூன்றாம் நாள் காயாத வேட்டியிலிருந்து வந்த வாடையில் அவருக்கே அவரைப் பிடிக்கவில்லை. அப்பளம் தட்டுக்கு வரும்போதே துவண்டு தொங்கியது. முறுக்கைக் கடித்தால் ரப்பராக இழுபட்டது. அகராதியின் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஏ முதல் இசட் வரை ஒரே கட்டியாகிவிட்டது. நாள்தோறும் மகாராஜா ஆளனுப்பி, “சௌக்கியமா?” என்று கேட்டார். “பரம சௌக்கியம்” என்று பதில் போகும். கூடவே நாலு தும்மலும் போகும். மனிதர் ஒரு குறை சொல்லவில்லை. வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

பிறந்தநாள் வந்தது. பதினேழு பட்டமும் சொல்லி முடிந்தது. வெண்காடன் இலையைப் பிரித்தான். வந்த அன்றைக்கு இருந்த அதே வாசனை. மகாராஜா ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். இன்னொரு துண்டும் போட்டார்.

“அடடா! வறண்டு போகவில்லை. நாக்கில் வைத்ததும் கரைகிறது. ஈரமாகத்தான் வைத்திருக்கிறாய், வெண்காடா!”

இதற்காகவே காத்திருந்தவர்போல் துள்ளி எழுந்தார் சேஷராயர். மூக்கு சிவந்து வீங்கியிருந்தது.

“மகாராஜா வாயாலேயே வந்துவிட்டது! ஈரமாக இருக்கிறது! கடிதத்தின் இரண்டாவது வரி என்ன? ஈரமாக விடக் கூடாது! வரி தவறிவிட்டது. தலை! அவன் தலை! அச்…சூ!”

மகாராஜா மெல்லுவதை நிறுத்தினார். யோசித்தார். அவருக்கு யோசிக்க வராது. வந்தால் ஆபத்தான பக்கமாகவே வரும். “அட, ஆமாம். சொன்ன சொல் சொன்ன சொல்தான். வெண்காடா, எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது துண்டை எடுத்தார். கத்தி பிடித்த சேவகன் ஓர் அடி முன்னால் வந்தான்.

வெண்காடன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற குஞ்சம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

“துபாஷி சொன்னால் சரிதான் மகாராஜா. தலை எங்கும் போகாது, இங்கேயே இருக்கிறது. அதற்கு முன், பாவம், எட்டு நாள் காவல் இருந்தவர். சபையில் எல்லோரும் சாப்பிட, அவர் பட்டினியாக நிற்கலாமா?”

இரண்டு தட்டுகள் வந்தன. ஒன்றில் குதிரிலிருந்து வந்த துண்டு. மற்றதில் தெற்கு மூலை அறையிலிருந்து வந்த துண்டு: பச்சையும் சாம்பலுமாக ரோமம் முளைத்து, கசகசவென்று கிடந்தது. முன்வரிசைப் பிரதானிகள் வேட்டி நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

“ராயரே, இரண்டும் ஈரம். இரண்டும் ஒன்று. உங்களுக்கு எது கைக்கு வருகிறதோ, அதை எடுத்துச் சாப்பிடுங்கள்.”

எட்டு நாளாகத் துவண்ட அப்பளத்தைத் தின்று கிடந்த மனிதர். அவர் மூளைக்கு அகராதி நினைவு இருந்தது; கைக்கு இல்லை. கை நேராகக் குதிர்த் துண்டுக்குப் போயிற்று. எடுத்து வாயருகில் கொண்டுபோன பிறகுதான், சபை முழுவதும் தன் கையையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

“நில்!” என்றார் மகாராஜா. “அதை ஏன் எடுத்தாய்?”

“கை… கைக்கு வந்தது, மகாராஜா.”

“அப்படியானால் அதை வைத்துவிட்டு மற்றதை எடு. இரண்டும் ஒன்றுதானே?”

சேஷராயர் ரோமம் முளைத்த துண்டைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. முழி பிதுங்கியது. எட்டு நாள் வீம்பும் ஒரே மூச்சில் உடைந்தது.

“வேண்டாம் மகாராஜா! இது ஓதம் பிடித்தது! அது பதமாக இருக்கிறது! இதையும் அதையும் ஒன்று என்று எவனாவது சொல்வானா?”

“சொன்னான்,” என்றான் வெண்காடன். “அகராதியில் எழுதியும் வைத்தான்.”

முதலில் மகாராஜாவின் தொந்தி குலுங்கியது. பிறகு மீசை. பிறகு சிங்காசனமே ஆடும்படி சிரித்தார். அவர் சிரித்துவிட்டால் சிரிக்காமல் இருப்பது ராஜத்துரோகம் ஆகையால், சபையே சிரித்தது. கத்தி பிடித்த சேவகனும் கத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு சிரித்தான். குஞ்சம்மாள் மட்டும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வெண்காடா, கடிதத்தின் இரண்டு வரியையும் காத்தவன் நீ. தலை உன்னுடையதே. வைத்துக்கொள்!” என்று, ஏதோ புதிதாகக் கொடுப்பவர்போல் அதையும் வெகுமதியாகவே அறிவித்தார். “காத்தவள் என் மனைவி, மகாராஜா. பதம் எது, ஓதம் எது என்று அவள் பிசிறிய புட்டு மாவில்தான் கற்றுக்கொண்டேன்” என்றான் வெண்காடன். மகாராஜா துபாஷியின் தங்கக் காப்பைக் கழற்றி, “புட்டு மாவு பிசிறிய கைக்கு” என்று குஞ்சம்மாளுக்குக் கொடுக்கச் சொன்னார். பிறகு பொக்கிஷ அறையிலிருந்து பொன்சரிகைச் சால்வை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, தம் கையாலேயே வெண்காடன் தோளில் போர்த்தினார்.

சால்வையைப் பிரித்ததும் குப்பென்று ஒரு வாடை அடித்தது. லேசில் யாருக்கும் எதுவும் கொடுத்துப் பழக்கமில்லாத பொக்கிஷ அறை. எத்தனை ஐப்பசியாகப் பூட்டிக் கிடந்ததோ! சரிகை கறுத்து, மடிப்பெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. மகாராஜாவே மூக்கைச் சுளித்துக்கொண்டு நின்றார்.

வெண்காடன் சால்வையை முகர்ந்தான். மூலையில் தும்மிக்கொண்டிருந்த சேஷராயர் பக்கம் திரும்பினான்.

“ராயரே, இது எந்த ஈரம்?”

அகராதி கையில் இல்லை. சேஷராயர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கண நேரம்கூடத் தயங்காமல் சொன்னார்:

“டேம்ப்.”

அவர் உத்தியோகத்தில் சேர்ந்த நாளிலிருந்து செய்த முதல் சரியான மொழிபெயர்ப்பு அது. மகாராஜா மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்.