நெய்ப்பானைக்குப் பூட்டு

சர்க்கரை நோய்க்கு வைத்தியர் பத்து விஷயம் சொன்னார். ஆலை முதலாளி ஆவுடையப்பர் காதில் விழுந்தது, கொழுப்பைக் குறைக்கணும் என்பது மட்டும். நெய்ப்பானையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஆனாலும் சர்க்கரை ஏறியது.

"திருட்டுத்தனமா நெய் ஊத்துறியாலே? இல்லைன்னா சாட்சி கொண்டா. முடியாட்டி வேலையை விட்டுப் போ" என்று சமையற்காரன் மாசானத்திடம் வீட்டார் முன்னால் சீறினார்.

"சாட்சி நடந்து வருது முதலாளி" என்று மாசானம் தரையைக் காட்டினான். எறும்பு வரிசை அடுப்பங்கரைப் பக்கமே போகாமல், நேரே முதலாளியின் கட்டிலில் ஏறியது. அவன் தலையணையைத் தூக்கினான். ஒரு டப்பா நிறைய வெல்லப்பாகில் பிடித்த பொரி உருண்டை.

"இதுல சொட்டு நெய் கிடையாதுலே" என்றார் முதலாளி.

"அதான் முதலாளி. பானையைப் பூட்டினீங்க, வாயைப் பூட்டலியே."

மாசானத்துக்கு வேலை போகவில்லை. டப்பாதான் போயிற்று.