வைத்தியர் கையால் எடுத்த முப்பது ஓலைகள்

ஆதிசேடன் நல்லமுத்துவைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, நல்லமுத்து ஒரு வாழையிலைத் துண்டை நக்கிக்கொண்டிருந்தான். இலையில் ராஜவைத்தியர் கொடுத்த சர்வசஞ்சீவி லேகியம்.

"தித்திப்பா இருக்குடா சேடா. இதுக்காகவே இன்னொரு தடவை காய்ச்சல் வரலாம் போல" என்றான்.

நாலாம் நாள் அரண்மனைக்கு மாலை கட்ட அவனுக்குப் பதில் வேறு ஆள் வந்தான்.

நெல்லிவனத்து மன்னர் மகிழ்மாறனைச் சிரிக்கவைப்பது சேடனின் உத்தியோகம். நண்பன் போன பிறகும் அதைத்தான் செய்துவந்தான். ஐப்பசியில் அதே காய்ச்சல் அரண்மனைக்குள்ளும் வந்தது. மன்னரின் ஒரே மகள் செல்வநாயகி படுத்துவிட்டாள். மறுநாள் காலையே வைத்தியர் தன்வந்திரிதாசர் வெள்ளிக் கிண்ணத்தோடு சபைக்கு வந்தார்.

"அந்தி சாய்ந்ததும் நல்ல நேரம் மன்னா. அப்போது ஊட்டிவிடலாம்."

"பலிக்குமா வைத்தியரே?"

"வாசலைப் பாருங்கள்!"

வாசலில் நூறு பேர் தேங்காய் பழத்தோடு நின்றார்கள். வைத்தியருக்கு நன்றி சொல்ல வந்தவர்கள். மன்னர் ஒவ்வொருவராகக் கேட்டார். நூறு பேரும் லேகியத்தால் பிழைத்தோம் என்றார்கள்.

"நூற்றுக்கு நூறு" என்றார் வைத்தியர். "பன்னிரண்டு வருஷமாகக் கொடுக்கிறேன். சாப்பிட்டவர்களில் ஒருவராவது வந்து குறை சொன்னதுண்டா?"

சேடன் எழுந்தான். "இதே போல் ஒரு அதிசயம் மன்னா. நம் ஆற்றில் எவ்வளவு வெள்ளம் போனாலும் நீந்துகிறவர்கள் முழுகுவதே இல்லை. விசாரித்துவிட்டேன்."

"எங்கே விசாரித்தாய்?"

"அக்கரையில். கரையேறிய அத்தனை பேரையும் கேட்டேன். முழுகினேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை."

சபை சிரித்தது. மன்னர் சிரிக்கவில்லை. வாசலை இன்னொரு முறை பார்த்தார். "வராதவர்களை எப்படியடா கேட்பது?"

"அதற்கு வைத்தியர் வீட்டில் பானை இருக்கிறது."

இருந்தது. லேகியம் வாங்குகிறவர் பெயரையும் தெருவையும் ஓலையில் கீறி ஒரு பானையில் போட்டுவைப்பது வைத்தியர் வீட்டு வழக்கம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதற்குப் பூசை உண்டு. பானை வந்தது. இந்தக் காய்ச்சல் பரவிய நாள் முதல் விழுந்த ஓலைகள், எண்ணூறுக்கு மேல்.

"இத்தனை வீட்டுக்கு அந்திக்குள் போய்வர முடியாது" என்றார் மன்னர்.

"வேண்டாம். முப்பது போதும். ஊர்ச்சபைக்கு ஆள் எடுப்பது போலக் கண்ணைக் கட்டி எடுப்போம்."

வைத்தியர் சீறினார். "இவன் எடுத்தால் செத்தவர்களாகப் பார்த்து எடுப்பான்!"

"சரி, நீங்களே எடுங்கள்."

வைத்தியருக்கு முகம் மலர்ந்தது. கண்ணைக் கட்டியதும் கை பானையின் வாயருகே நான்கு ஓலைகளைப் பிடித்தது. சேடன் அந்தக் கையைப் பிடித்தான்.

"மேலே கிடப்பவை நேற்றுப் போட்டவை, வைத்தியரே. நேற்றுச் சாப்பிட்டவர்களுக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி இருக்கிறது."

பானையைத் தரையில் கவிழ்த்தான். புளிச்சோறு கிளறுவது போல ஓலைகளைக் கலைத்தான். அப்போது ஓலைகள் எழுத்துப் பக்கம் மேலாகப் புரண்டன. நல்லமுத்துவின் பெயர் எங்கேயோ அந்தக் குவியலில் இருந்தது. தேடினால் கிடைத்துவிடும். சேடன் முகத்தைத் திருப்பிக்கொண்டே எல்லாவற்றையும் அள்ளிப் பானையில் போட்டான்.

வைத்தியர் முப்பது ஓலைகள் எடுத்தார். முப்பது சேவகர்கள் ஓடினார்கள்.

உச்சிவேளைக்குள் எல்லோரும் திரும்பினார்கள். பதினோரு பேர் நலம். பத்தொன்பது வீட்டில் ஆள் இல்லை; படத்துக்கு முன்னால் விளக்கு மட்டும் இருந்தது என்று சொல்ல அந்தக் காலத்தில் படமில்லை. விளக்கு இருந்தது.

வைத்தியருக்கு வியர்த்தது. ஆனாலும் விடவில்லை. "கொடிய காய்ச்சல் மன்னா! லேகியம் இல்லாவிட்டால் இந்தப் பதினோரு பேரும் போயிருப்பார்கள்."

"நியாயமான பேச்சு" என்று சேடன் தலையாட்டினான். "போன மாதம் பத்து நாள் தேன் கிடைக்காமல் லேகியம் கிண்டவில்லையே? அப்போது காய்ச்சலோடு வந்து வெறுங்கையோடு போனவர்களின் ஓலை?"

"அது... வேறு பானை."

அந்தப் பானையும் வந்தது. கவிழ்த்தார்கள், கலைத்தார்கள், வைத்தியரே முப்பது எடுத்தார். சேவகர்கள் மறுபடி ஓடினார்கள். பொழுது சாய்வதற்குள் சேதி வந்துவிட்டது. இருபத்தாறு பேர் நலம். அதில் ஒருவர் கூரைமேல் ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். இறங்கிவந்து பதில் சொல்ல நேரமில்லை என்றாராம்.

மன்னர் வெள்ளிக் கிண்ணத்தை வைத்தியர் பக்கம் தள்ளினார். "ஒரு கரண்டி சாப்பிடுங்கள்."

"நான்... இன்று விரதம் மன்னா."

"நாளைக்கு?"

"நாளைக்கும் விரதம்தான்." வைத்தியர் காலில் விழுந்தார். "பன்னிரண்டு வருஷம் மன்னா! சாப்பிட்டவர்கள் ஒருவர்கூட வந்து குறை சொன்னதில்லையே!"

"அது சத்தியம்" என்றான் சேடன். "அந்த அளவுக்கு மருந்து சுத்தமாக வேலை செய்திருக்கிறது."

மன்னர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். வைத்தியரை அன்றே எல்லைக்கு வெளியே அனுப்பினார்கள். இளவரசிக்குக் கஞ்சியும் வெந்நீரும் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று சமையல்காரரைத் திட்டினாள்.

"கேள் சேடா, என்ன வேண்டும்? கிராமமா, பல்லக்கா?"

"முதல் பானை போதும் மன்னா."

மன்னருக்குப் புரியவில்லை. ஆனாலும் கொடுத்தார். சேடன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தான். மிச்ச ஓலைகளை அவன் பிரித்துப் பார்க்கவில்லை.

வைத்தியர் எடுத்த முப்பதில் நல்லமுத்துவின் ஓலை இல்லை. அது பானைக்குள்தான் இருக்கிறது.