இருநூற்றுப் பதினாறு சுற்று

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என்னுடன் வேலை பார்க்கும் மரகதவல்லி அக்கா மதியச் சாப்பாட்டின்போது சொன்னது.

சென்னிமலைப் பக்கம் ஒரு சிறிய ஆசிரமம். அதன் நடுவில் ஒரு மகிழ மரம்.

"மரம் சாகுதுங்கம்மா" என்றார் குழந்தைவேலு. "நான் வேண்டறது சாமிக்குக் கேட்கலையா?"

அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வயது அறுபத்து மூன்று. ஆசிரமத்தின் குரு ஞானசுந்தரிக்கு நாற்பது.

"என்னங்கண்ணா வேண்டறீங்க?"

"மரம் பிழைக்கோணும்னு தினமும் நூத்தியெட்டுச் சுத்து. இலை கொட்ட ஆரம்பிச்சதும் ரெண்டு மடங்கு ஆக்கிட்டேன். இருந்தும் பங்குனி பிறந்தா வெட்டிப்போடலாம்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஒரு குடம் தண்ணி கொண்டாங்க. நீங்க சுத்துற பாதையில ஊத்துங்க."

ஊற்றினார்.

தண்ணீர் இறங்கவில்லை. சிமெண்டுத் தரையில் ஓடுவதுபோல் ஓடி அவர் கால்களை நனைத்தது.

குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மரத்துக்கு ஊத்துனா உங்களுக்கல்லவா பாதபூஜை ஆகுது!"

அவர் சிரிக்கவில்லை. பாதையைப் பார்த்தார். தன் பாதங்களைப் பார்த்தார்.

ஓடிப்போய் மண்வெட்டியோடு வந்தார். ஓங்கினார்.

அது இறங்குவதற்குள் குரு அந்தப் பாதையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்கம்மா! மண்ணைக் கொத்தி விடோணும்."

"இத்தனை நாள் மிதிச்சு மிதிச்சு வேரோட மூச்சை அடைச்சீங்க. இன்னைக்கு வேரையும் வெட்டப் போறீங்களா?"

மண்வெட்டியைக் கீழே போட்டார்.

குரு ஒரு கம்பியை நீட்டினார். "முழத்துக்கு ஒரு துளை. அதுல மக்குன எருவைப் போட்டு, மேலே சருகைப் பரப்புங்க."

"வேர் தட்டுச்சுன்னா?"

"மன்னிச்சுக்கன்னு சொல்லிட்டுத் தள்ளிக் குத்துங்க."

குத்தினார். எங்கே குத்தினாலும் வேர் தட்டியது.

"மன்னிச்சுக்க... மன்னிச்சுக்க..."

சாமி கும்பிட வந்த நாலைந்து பேர் அதைப் புது மந்திரம் என்று நினைத்துக் கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள். குரு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் குழந்தைவேலு கேட்டார்:

"அப்ப என் சுத்து?"

குரு நடந்தார். சருகு பரப்பிய இடத்தைத் தாண்டி, கிளைகளின் நுனியையும் தாண்டிப் போய் நின்றார்.

"இங்கே சுத்துங்க."

"ஏனுங்கம்மா, அங்கே சுத்துனா இருநூத்திப் பதினாறு முடியறதுக்குள்ள பொழுது சாஞ்சுருமே!"

"அப்ப ஒண்ணு சுத்துங்க."

பங்குனியில் மரம் வெட்ட வந்தவர்களுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினார் குரு.

அடுத்த எட்டே நாளில் மரம் துளிர்த்துவிட்டது என்று அக்கா கதையை முடித்தார். எனக்குச் சந்தேகமாக இருந்தது. போன மாதம் நானே போனேன். மரம் பூத்து நின்றது. குழந்தைவேலு ஐயாவையே கேட்டேன்.

எட்டு நாள் இல்லை. பதினான்கு மாதம்.